எட்டுத் தோளும் குதிரைச் சந்தியாகப்பரும்

முந்திரிமேட்டு ஞானப்பிரகாசத்தைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தைக் கூட்டத்தில் நின்றாரானால் அடுத்தவன் அக்குளுக்குக் கீழே காணாமல் போய்விடுவார். வாயைத் திறந்தாரோ, வரதராஜன்பேட்டை வரைக்கும் கேட்கும் என்று ஊரில் பெருமையடித்துக்கொள்வார்கள். அதெல்லாம் அளப்பு. காற்று அந்தப் பக்கம் அடித்தால் பாதி தூரம் கேட்கும், அவ்வளவுதான்.

அந்தக் குரலுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் முழு வேலை. ஆடி மாதம் சந்தியாகப்பர் திருநாளன்று சப்பரம் கிளம்பும்போது, முன்னால் பிரம்போடு நின்று, “சேந்து… தூக்கு!” என்று அவர் சத்தம் கொடுக்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் ஒரு தோளும் அசையாது. சத்தம் கொடுக்கிற வேலை அவருக்கு வந்த கதையை ஊரில் கேட்டால் இன்றைக்கும் சிரிப்பார்கள். மீசை முளைத்த வருஷம் அவரையும் குடும்ப வழக்கப்படி சப்பரத் தண்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். தண்டோ மற்றவர்கள் தோளில் உட்கார்ந்துகொண்டு இவர் தலைக்கு மேலேயே போயிற்று. மனுஷர் விட்டாரா? இரண்டு கையையும் தூக்கித் தண்டைத் தொட்டபடி, முகத்தைச் சுளித்து, மூச்சு வாங்கி, தெரு முழுக்கச் சுற்றி வந்தார். சப்பரத்தை இறக்கிய பிறகு மற்றவர்கள் தோள் எல்லாம் சிவந்து கன்றிப்போயிருக்க, இவர் தோள் மட்டும் புதுப்பெண் மாதிரி இருந்தது. அப்பா அங்கேயே ஒன்று வைத்தார். ஞானப்பிரகாசம் போட்ட கூச்சலைக் கேட்ட பங்குச் சாமியார், “இவன் தோளை விடுங்கய்யா, தொண்டையை எடுத்துக்குங்க” என்றார். அன்றிலிருந்து பிரம்பு அவர் கைக்கு வந்தது. குடும்பத்துத் தோளைக் கொஞ்ச காலம் தம்பி சுமந்தான். பிறகு மகன் சவரிமுத்து. அவன் அம்மா மதலேனம்மாள் மாதிரி, பனைமர உயரம்.

சந்தியாகப்பர் மற்றப் புனிதர்களைப் போலச் சும்மா நிற்கிற அர்ச்சியசிஷ்டர் அல்ல. வெள்ளைக் குதிரை மேல் வாளோடு உட்கார்ந்திருப்பவர். குதிரையே ஆளை அமுக்கிவிடும். அதற்கு மேல் தேக்குச் சப்பரம். இரண்டு தண்டு, எட்டுத் தோள், எட்டுக் குடும்பம். முன்னே இடது பக்கம் பிலவேந்திரன் வகையறா, வலது பக்கம் ஞானப்பிரகாசம் வகையறா என்று ஒவ்வொரு தோளும் ஒவ்வொரு வீட்டுச் சொத்து. நிலத்தை விற்றவன் உண்டு, தோளை விற்றவன் இல்லை. ஒரு வருஷம் ஒரு வீட்டுக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று விருந்துக்கு வந்த மாப்பிள்ளை ஒருவன் பாவப்பட்டுத் தோள் கொடுத்தான். அந்தத் தோள் இனி யாருக்கு என்று அரியலூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடந்தது. இரண்டு குடும்பமும் கடலைக்காட்டை விற்று வக்கீலுக்குக் கொடுத்தபின்தான் ராஜியானார்கள். அதற்குப் பிறகு முந்திரிமேட்டில் ஒருவன் தோளில் இன்னொருவன் நிற்பதென்பது, ஒருவன் மனைவிக்கு இன்னொருவன் தாலி கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

இந்த வீம்பு இருக்கிறதே, ஊரில் ஆள் இருந்தவரைக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

முதலில் கிளம்பியவன் பிலவேந்திரன். இரண்டாம் உலகச் சண்டைக் காலம் தொடங்கியதும் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். மறு கிறிஸ்துமஸுக்குக் காலில் பூட்ஸும் கையில் குடையுமாக வந்து இறங்கினான். செம்மண்ணில் கம்பும் கடலையும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளவட்டங்களுக்கு அந்த பூட்ஸ் ஒன்றே போதுமாயிருந்தது. பொங்கலுக்குள் இரண்டு பேர், அடுத்த கோடைக்குள் மூன்று பேர் என்று எட்டு வீட்டுத் தோளும் ஒவ்வொன்றாகப் பொன்மலை போய்ச் சேர்ந்தது. கடைசியாகப் போனவன் சவரிமுத்து. மகன் ரயிலேறிய அன்று ஞானப்பிரகாசம், “ஆடிக்கு வந்துடணும்டா” என்று மட்டும்தான் சொன்னார்.

அதன்பிறகு முந்திரிமேட்டைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முன்பெல்லாம் எட்டிப் பார்க்காத தபால்காரர் இப்போது மாதம் பிறந்தால் வந்து நின்றார். வீட்டுக்கு வீடு அவருக்கு மோர். மணியார்டர் வந்தது, கூரை வீடெல்லாம் ஓட்டு வீடாயிற்று. ஓடு நழுவினால் ஏறித் திருப்பிப் போடத்தான் ஆள் இல்லை. பித்தளைத் தவலை வாங்கினார்கள், கிணற்றடியிலிருந்து தூக்கிவர முடியாமல் பழைய மண்குடத்தையே எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். ஊரில் அடிதடியே நின்றுபோயிற்று. அடிக்க ஒருவன் வேண்டும், வாங்க ஒருவன் வேண்டும், விலக்கிவிட நாலு பேர் வேண்டும். இத்தனை பேருக்கு எங்கே போவது? ஊர் அப்படி ஒரு பணத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படி ஒரு வெறுமையையும் பார்த்ததில்லை.

போன வருஷத் திருநாளுக்கு எட்டு வீட்டுக் கிழவர்களும் மகன்களுக்குப் பதிலாகத் தண்டுக்குக் கீழே நின்றார்கள். தன் வீட்டுத் தோளில் தம்பியை நிறுத்திவிட்டு ஞானப்பிரகாசம் சத்தம் கொடுத்தார். சப்பரம் எழுந்தது. எழுந்த சப்பரம் பொதுக்கிணறு வரைக்கும் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒருவருக்கு மூச்சு. மறுநாள் காலை பக்கத்து ஊர் ஆலங்கொல்லைக்காரர்கள் வந்து கோயிலில் சேர்க்கும்வரை சந்தியாகப்பர் ஆட்டுப்பட்டிக்கு எதிரே குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்.

உதவிக்கு வந்த ஆலங்கொல்லைக்காரர்கள் சும்மா வரவில்லை. சந்தியாகப்பர் சுரூபம் இரண்டு ஊரும் சேர்ந்து புதுச்சேரியில் வாங்கியது. வாங்கியபோதே ஒரு பேச்சு: தெருவெல்லாம் சுற்றிவர ஆள் இருக்கிற வரைக்கும் முந்திரிமேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் ஆலங்கொல்லைக்குப் போகும். ஆலங்கொல்லை நாட்டாண்மை தர்மராஜ் இதைப் பங்குச் சாமியாரிடம் சொன்னார். தர்மராஜ் ஞானப்பிரகாசத்துக்கு மச்சான் முறை. மச்சான் முறை என்றால் விட்டுக்கொடுப்பார் என்று அர்த்தமில்லை.

சாமியார் ஞானப்பிரகாசத்தைக் கூப்பிட்டனுப்பினார். “அடுத்த திருநாளுக்கு ஒரு சுத்து சுத்தி வாங்க. பேச்சே இல்ல. முடியலேன்னா அவர் ஆலங்கொல்லைக்குப் போகட்டும். பாதி வழியில நிக்கிறதுக்கா அவருக்குக் குதிரை குடுத்திருக்கு?” என்றார்.

ஞானப்பிரகாசத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. சொந்தமாக ஒரு காணி பெரிதாக இல்லை. உயரம் இல்லை. ஊரில் அவருக்கென்று இருந்த மரியாதை அந்த ஒரு பிரம்பும் ஒரு சத்தமும்தான். சந்தியாகப்பர் போனால் அவர் யார்? சந்தைக் கூட்டத்தில் அக்குளுக்குக் கீழே நிற்கிற ஒரு ஆள்.

பொன்மலைக்கு எட்டுப் பேருக்கும் கடுதாசி போட்டார். பதிலுக்கு எட்டு மணியார்டர் வந்தது. சண்டை நடக்கிறது, லீவு கிடைக்காது, திருநாளுக்கு எங்கள் பங்கு இதோ என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். பாண்டு வாத்தியம் வைக்கலாம், வாணம் விடலாம், ஊருக்கே கறிச்சோறு போடலாம். அத்தனை பணம். தண்டுக்குக் கீழே நிற்கத்தான் ஒன்றுமில்லை. “பணத்தைத் தண்டுக்குக் கீழ முட்டுக் குடுத்துத் தூக்குறதா?” என்று ஞானப்பிரகாசம் கத்திய கத்தலில் கோழி கூடையைவிட்டு ஓடிற்று.

“கூலிக்கு ஆள் வைச்சுக்கங்களேன்” என்றாள் மதலேனம்மாள்.

“அடுத்த குடும்பத்துத் தோளுல கூலிக்காரனையா? கோர்ட்டுக்கு நீ வர்றியா?”

“லீவு எப்பத்தான் குடுப்பாங்களாம்?”

“தாய் தகப்பன் சாகக் கெடந்தா குடுப்பாங்களாம்.”

இதைச் சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது. மதலேனம்மாள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திருநாளுக்கு நாலு நாள் முன்னால், மணியார்டர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு ஞானப்பிரகாசம் டவுனுக்கு நடந்து தபாலாபீஸில் போய் நின்றார். போஸ்ட் மாஸ்டர் வேணுகோபால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“தந்தி குடுக்கணுங்க. பொன்மலைக்கு. ‘தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு.’”

“அடப்பாவமே. பேரு?”

“சவரிமுத்து.”

வேணுகோபால் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

“இன்னொண்ணுங்க.”

“யாருக்கு?”

“வேற ஆளுக்கு. தாய் கவலைக்கிடம்தான்.”

மூன்றாவதுக்கு வேணுகோபால் தலை நிமிர்ந்தார். ஐந்தாவதுக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எட்டாவதாகப் பிலவேந்திரன் பேர் வந்தபோது ஞானப்பிரகாசம் கொஞ்சம் தயங்கினார். பிலவேந்திரன் தன் அம்மாவைப் போன மாசம்தான் பொன்மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

“இவனுக்கு மட்டும் மாமியார்னு போடுங்க சார்.”

“மாமியாருக்கெல்லாம் எந்த ஆபீஸ்லயும் லீவு கெடையாதய்யா. பெத்த அம்மாவுக்குத்தான்.”

“அப்ப அம்மான்னே போட்டுடுங்க” என்றார் ஞானப்பிரகாசம். பொய் என்று இறங்கிவிட்டால் கணுக்கால் ஆழமென்ன, கழுத்தாழமென்ன என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்ட வேணுகோபால் தாழ்ந்த குரலில், “ஒரே ஊர்ல எட்டுப் பொம்பளைக்கு… என்னய்யா, பேதியா?” என்று கேட்டார்.

பேதி என்றால் சாதாரணப் பேச்சா? வாந்திபேதி கண்ட ஊரைச் சுற்றித் தடுப்புக் கட்டி ஈ காக்கை விடமாட்டார்கள். ஞானப்பிரகாசம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே வந்தார். வேணுகோபால் பொறுப்பான மனுஷர். வாயைப் பொத்திக்கொண்டு போனவரைப் பார்த்த கையோடு சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்பினார்.

திருநாள் அன்று காலை பூசை முடிகிற நேரம். அரியலூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒப்பாரிச் சத்தம் வந்தது. பொன்மலையில் ரயிலேறும்போதே பிலவேந்திரன் நீங்கலாக ஏழு பேரும் பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். உனக்குமா, உனக்குமா என்று கேட்டு, ஊரே பேதியில் போய்விட்டது என்று முடிவு கட்டி, அரியலூர் வரைக்கும் ரயிலில் அழுது, அங்கிருந்து கரி பஸ்ஸில் அழுது, பஸ் நிற்கிற மரத்தடியில் இறங்கி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மகன்கள் அழுதுகொண்டு வருவதைப் பார்த்த தாய்மார்கள், பொன்மலையில் குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்துத் தாங்களும் மாரில் அடித்துக்கொண்டு எதிரே ஓடினார்கள். கோயிலுக்கு முன்னால் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. ஒவ்வொருத்தியும் தன் மகனைத் தொட்டுப் பார்த்தாள், ஒவ்வொருத்தனும் தன் தாயைத் தொட்டுப் பார்த்தான். அழுகை ஒவ்வொன்றாக நின்றது.

அடுத்த ரயிலைப் பிடித்துக் கடைசியாகப் பிலவேந்திரன் வந்தான். கூடவே அவன் அம்மா. “நான் இங்க சாகக் கெடக்கேன்னு தந்தி வந்துச்சாம். இவன் காட்டுனப்ப நான் மீன் கழுவிக்கிட்டிருந்தேன். அது எவளோ, அவளைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள்.

எல்லார் முகமும் ஒரே பக்கம் திரும்பியது. பிரம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஞானப்பிரகாசம் அன்றைக்கு இன்னும் குட்டையாகத் தெரிந்தார்.

“அப்பா” என்றான் சவரிமுத்து. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “நீங்களாப்பா?”

“திட்டறதை அப்புறம் திட்டலாம்டா. இப்ப தோளைக் குடுங்கடா” என்றார் ஞானப்பிரகாசம்.

அடி விழாமல் அவரைக் காப்பாற்றியது சுகாதார இன்ஸ்பெக்டர்தான். மருந்து வந்துசேர இத்தனை நாள் ஆயிற்றாம்; சைக்கிளில் அவர், பின்னால் வண்டியில் மருந்துப் பெட்டியோடு இரண்டு பேர். இறங்கியதும் ஒருவன் பொதுக்கிணற்றில் மருந்துப் பவுடரைக் கொட்டினான். இன்ஸ்பெக்டர் நெற்றியில் நீளமாக நாமம். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் பரம்பரை அடியார்.

“கூட்டம் கலையணும். ஊர்வலம் கெடையாது. யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. நோயாளிங்க எங்க?”

நோயாளிகள் எட்டுப் பேரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒருத்தியின் நாக்கைப் பார்த்தார். இன்னொருத்தியை, “வாந்தி உண்டாம்மா?” என்று கேட்டார். “எனக்கெதுக்கு வாந்தி? எனக்கென்ன வயசு?” என்று அவள் சண்டைக்கு வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. ஞானப்பிரகாசத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இங்க பாருங்க. பேதி இருந்தா ஊர்வலம் கெடையாது. பேதி இல்லேன்னா பொய்த் தந்தி குடுத்ததுக்கு நான் போலீசுக்குச் சொல்லணும். அந்தப் பசங்க லீவும் பொய்யாயிடும், வேலையே போனாலும் போகும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஆலங்கொல்லை தர்மராஜ் திருநாளைக் கண்காணிக்க வந்தவர், எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். பேதி என்றால் சந்தியாகப்பர் போவார். பொய் என்றால் எட்டுப் பையன்கள் பிழைப்பு போகும். ஞானப்பிரகாசம் ஒரு தரம் குதிரையைப் பார்த்தார், ஒரு தரம் மகனைப் பார்த்தார்.

“இருந்துச்சுங்க” என்றார். “நெஜமாவே படுத்துட்டாங்க. சந்தியாகப்பரை நேந்துக்கிட்டோம். விடியக்காலம் எல்லாரும் எழுந்து உக்காந்துட்டாங்க.”

“எட்டுப் பேருமா?”

“அவரு குதிரையில வர்றவருங்க. ஒரே சுத்துல முடிச்சுட்டாரு.”

இன்ஸ்பெக்டர் மதலேனம்மாள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. சாகக் கெடந்தியா?”

மதலேனம்மாள் புருஷனை மேலிருந்து கீழே பார்த்தாள். அதிக நேரம் பிடிக்கவில்லை. “கெடந்தேன் சார்” என்றாள். “இந்த மனுஷனைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்தே சாகத்தான் கெடக்கேன். இன்னைக்குத்தான் எழுந்து உக்காந்திருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். அவரும் தன் தாய்க்காகக் கல்லங்குறிச்சியில் நேர்ந்துகொண்டவர்தானாம். “நேர்த்திக்கடன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா இவ்வளவு தூரம் மருந்தைத் தூக்கிட்டு வந்திருக்கேன். ஒருத்தர் விடாம ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஊர்வலம்” என்றார்.

ஞானப்பிரகாசத்துக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஊசியைப் பார்த்ததும் பாதி போயிற்று. காலரா ஊசி போட்டால் கை எப்படி வீங்கும் என்று அவருக்குத் தெரியும். “சார், சார், இடது தோளுக்காரனுக்கு வலது கையில போடுங்க. வலது தோளுக்காரனுக்கு இடது கையில போடுங்க” என்று ஊசிக்காரன் பின்னாலேயே ஓடினார். ஊசிக்காரனுக்கு இடது கையைத் தவிர வேறு கையில் போட்டுப் பழக்கமில்லை. எல்லாருக்கும் இடது கையிலேயே குத்தினான். வேடிக்கை பார்க்க வந்த தர்மராஜையும் விடவில்லை. “நான் இந்த ஊர் இல்லீங்க, ஆலங்கொல்லை!” என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கிவிட்டது.

சாயங்காலம் எட்டுப் பேரும் தண்டுக்குக் கீழே வந்து நின்றார்கள். பெற்றவளைக் காட்டி ஏமாற்றியவர்மேல் கோபம் அப்படியே இருந்தது, ஒருவனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அப்பனும் பாட்டனும் நின்ற இடம். கால் தானாக அங்கே போய் நின்றுகொண்டது.

“சேந்து…” என்றார் ஞானப்பிரகாசம். பிரம்பைத் தலைக்கு மேலே உயர்த்தினார். “தூக்கு!”

சப்பரம் எழுந்தது. இடது தோள்காரர்கள் நாலு பேரும் “ஐயோ” என்றார்கள். சந்தியாகப்பர் இடது பக்கமாகச் சாய்ந்து, யாரையோ வெட்டப் போகிறவர் மாதிரி வாளை நீட்டிக்கொண்டு கிளம்பினார். பொதுக்கிணறு வந்தது, தாண்டியது. ஆட்டுப்பட்டி வந்தது, தாண்டியது. வாணம் வெடித்தது, பாண்டு முழங்கியது. ஞானப்பிரகாசம் பின்பக்கமாகவே நடந்து சத்தம் கொடுத்துக்கொண்டே போனார். கண்ணில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. தெருவைச் சுற்றிக் கோயில் வாசலில் சப்பரம் இறங்கியதும், வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு தர்மராஜ் வந்தார்.

“சரி மச்சான். சுத்திட்டீங்க. சுரூபம் உங்களுக்குத்தான்” என்றார். ஊசிக் காய்ச்சலில் ஆலங்கொல்லைக்கு நடக்க முடியாமல் அன்றைக்கு ஞானப்பிரகாசம் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

ஜெயித்த மனுஷர் மறுநாள் காலை சந்தோஷமாகத்தான் எழுந்தார். எழுந்து பார்த்தால் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் மதலேனம்மாள். பித்தளைத் தவலைக்குள் கம்பு, கருவாடு, ஊறுகாய்.

“எங்க போற?”

சவரிமுத்துதான் பதில் சொன்னான். “அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்பா. ரயில்ல வரும்போது அம்மா முகத்தைப் பாப்பேனா மாட்டேனான்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமே ஒரு தந்தியைக் கையில வாங்க என்னால முடியாது. எங்கூடயே இருக்கட்டும்.”

“அவனவன் அம்மாவை அவனவன் கூட்டிக்கிட்டுப் போறான்” என்றாள் மதலேனம்மாள். “கெழவனுங்களும் கூடவே போறாங்க. ஊர்ல யாரு இருக்கா?”

ஞானப்பிரகாசம் தெருவுக்கு ஓடினார். உண்மைதான். எட்டு வீட்டு வாசலிலும் மூட்டை. ஓட்டு வீடுகளுக்கெல்லாம் புதுப் பூட்டு.

“நீங்களும் வாங்கப்பா” என்றான் சவரிமுத்து.

“நான் வந்துட்டா சந்தியாகப்பருக்கு யாருடா வெளக்கேத்துறது?”

“ஏத்துங்க, ஏத்துங்க” என்றாள் மதலேனம்மாள். “அவரு வேணும்னுதானே என்னைச் சாகடிச்சீங்க. அவரையே வச்சுக்கங்க.” சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பானையில சோறு இருக்கு. காய்ச்சல்ல கெடக்கிற அண்ணனுக்கும் போட்டு நீங்களும் சாப்பிடுங்க. மோரு உறியில இருக்கு.” உறி அவர் கைக்கு எட்டாது என்பது நினைவுக்கு வந்து, திரும்பப் போய் மோர்ச்சட்டியை எடுத்துக் கீழே வைத்தாள்.

மரத்தடியில் கரி பஸ் நின்றது. சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது? பின்னால் அடுப்பு மாதிரி ஒரு டிரம், அதில் கரி, அந்தப் புகையில்தான் வண்டி ஓட வேண்டும். கிழவிகளும் தவலைகளும் கோழிகளும் ஏறி முடிந்ததும் வண்டி நகரமாட்டேன் என்றது. கண்டக்டர் அய்யாக்கண்ணு டிரம்மின் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி ஊதிப் பார்த்தான். “ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்கய்யா” என்றான்.

எட்டுப் பேரும் இறங்கினார்கள். வீங்கின கையோடு ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். ஒருவன் தள்ளும்போது இன்னொருவன் மூச்சு வாங்கினான். பஸ் அசையவில்லை. ஜன்னலோரம் மதலேனம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஞானப்பிரகாசம் பார்த்துக்கொண்டே நின்றார். ஆட்கள் ஒன்றுசேராமல் தள்ளுவதைப் பார்த்தால் அவருக்கு எப்போதுமே பொறுக்காது.

“சேந்து…” என்று அவர் வாய் தானாகவே கிளம்பிவிட்டது. “தள்ளு!”

எட்டுத் தோளும் ஒன்றாகப் போய் மோதியது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, உறுமிக் கிளம்பியது. பையன்கள் ஓடி ஏறிக்கொண்டார்கள். முந்திரிமேடு முழுவதும் அதில் போயிற்று. புகை ரோட்டில் வெகுநேரம் கலையாமல் கிடந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்தில் காய்ச்சல் முகத்தோடு தர்மராஜ் வந்து நின்றார். ரோட்டில் ஒரு நாய் குறுக்கே போயிற்று.

“மச்சான்” என்றார் ஞானப்பிரகாசம். அந்தப் பெரிய குரல் அன்றைக்குப் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. “அடுத்த ஆடிக்கு எங்க தண்டுக்கு உங்க ஊரு ஆளுங்க தோளு குடுப்பாங்களா?”

தர்மராஜ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “குடுப்பாங்க. ஆனா அது எட்டு குடும்பத்துத் தோளாச்சே. எவனாவது வழக்குப் போட்டா என்ன பண்ணுவீங்க?”

ஞானப்பிரகாசம் வெறிச்சென்று கிடந்த தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

“வழக்குப் போடவாவது ஒருத்தன் ஊர்ல இருக்கணுமே மச்சான்” என்றார்.